அம்மன் எந்த இடத்தில் சாலையைக் கடந்தாள்

போகிறபோது யாரும் அப்பளம் வாங்குவதில்லை. பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள், ஈரத் துண்டும் பிள்ளைகளும் நெரிசலுமாக இருக்கப்போகிற இடத்துக்குத் தொட்டால் நொறுங்கும் ஒன்றை ஏன் சுமந்து போக வேண்டும்? திரும்புகிறபோதுதான் வாங்குவார்கள். தலை காய்ந்து, வயிறு பசித்து, ஊரில் விட்டுவந்த சொந்தக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்போது. என் அக்காவின் பிழைப்பு மொத்தமும் மனிதர்களின் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நின்றது.

சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே, ஆற்றை வலப்புறம் வைத்துக்கொண்டு போகிற சாலையில் எங்கள் ஊர். சாலைக்கு வலப்புறம் ஆறு, இடப்புறம் வயல். ஊரில் நாங்கள் ஆற்றுப் பக்கம், வயல் பக்கம் என்றுதான் சொல்வோம். வடக்கு தெற்கெல்லாம் பத்திரத்தில் மட்டும். அக்காவின் கடை வயல் பக்கம், கடைத்தெருவின் மேற்குக் கோடியில். நேர் எதிரே ஆற்றுத் தெரு வந்து சாலையில் சேரும். அவள் கல்லிடைக்குறிச்சியில் வாக்கப்பட்டு, அங்கே அப்பளம் தேய்க்கப் பழகி, அத்தான் போன பிறகு ஊருக்குத் திரும்பி வந்து போட்ட கடை. பின்கட்டில் அவளும் நான்கு பெண்களும் உளுந்து மாவை இடித்து, உருட்டி, தேய்த்து, காய வைப்பார்கள். முன்னால் ஒரு மரப்பலகை. 'கை அப்பளம், உடன்குடி கருப்பட்டி' என்று மஞ்சளில் பெரிதாக எழுதியிருக்கும். மலையிலிருந்து திரும்பும் கார்கள் ஆற்றுப் பக்கமாக வரும். பலகையைக் கண்டதும் வேகம் குறைத்து, சாலையைக் குறுக்கே கடந்து, கடை வாசலில் நிற்கும். ஒரு கார் வலப்பக்கம் திரும்ப முடிகிற வரைக்கும் ஐந்து வீட்டில் உலை கொதிக்கும்.

அந்தத் திருப்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிடுங்கவில்லை. எங்களையே எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். இன்றுவரை என் தொண்டையில் இறங்காமல் நிற்பது அதுதான்.

சாலை நாலுவழி ஆகிறது என்றபோது முதலில் மருத மரங்கள் விழுந்தன. அப்போது எவனும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மரமெல்லாம் லாரியில் ஏறிப்போன பிறகு, வெட்டிய அடிமரங்கள் வாய் பிளந்து வெயிலில் கிடந்தபோது, அழைப்பு வந்தது. சாலைத் துறையும் ஊர் வியாபாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது, வளர்ச்சிக்கு வழி காண்பது. பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால் பொதுமக்கள் சார்பில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அக்காவும் வியாபாரி என்ற முறையில் வந்திருந்தாள், கடைசி வரிசையில், முந்தானையில் மாவு அப்பியபடி.

கூட்டம் நடந்தது வியாபாரிகள் சங்கத் தலைவரின் கல்யாண மண்டபத்தில். மண்டபம் கடைத்தெருவின் கிழக்குக் கோடியில், ஆற்றுப் பக்கம் இருக்கிறது. மேடையில் பேனர். 'சாலையும் ஊரும் கைகோத்தால் வளர்ச்சி' என்று எழுதியிருந்தது. பின்னணியில் பனி மூடிய மலை, அதன் அடியில் ஒரு அகலச் சாலை. படத்தில் கார்கள் எல்லாம் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. எந்த நாட்டுச் சாலையோ. வெயிலில் கருகிய எங்கள் முகங்களுக்கு மேல் அந்தப் பனி ஏசிக் காற்றில் படபடத்தது. அதன் கீழே உளுந்த வடையும் அல்வாவும் வந்தன. அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்திருந்தார்கள். நெய் வழிந்து மேசை விரிப்பில் வட்டம் போட்டது.

பொறியாளர் இளைஞர், வேலூர்ப் பக்கத்துக்காரர். பணிவான ஆள். பணிவுக்கும் ஒரு நாற்றம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வரைபடத்தை விரித்துச் சொன்னார்.

"நடுவுல தடுப்புச் சுவர் வருது. ஊருக்குள்ள ஒரே ஒரு திறப்புதான் குடுக்க முடியும். எங்கேன்னு நாங்க முடிவு பண்றதைவிட நீங்களே ஒருமனதா சொன்னீங்கன்னா நல்லாருக்கும். இது உங்க ரோடு."

இது உங்க ரோடு. மரம் விழுந்தபோது இது யாருடைய ரோடாக இருந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார்.

"மண்டபத்துக்கு நேரா வச்சா, திருநெல்வேலியில இருந்து கல்யாணத்துக்கு வாற சனம் பூரா இங்கன இறங்கும். ஊருக்குத்தான் வருமானம். எனக்கு என்ன இருக்கு இதுல."

"ஆமா, உமக்கு என்ன," என்றார் ஜவுளிக்கடை பாய். "நீரு பந்திய எடுத்துக்கிடுவீரு. எச்சில் இலைய ஊருக்கு விட்டுருவீரு."

சிரிப்பு. தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்ப நீரே சொல்லும்," என்றார்.

"நடுவுல வைங்க. ஒரு தெருன்னா நடுன்னு ஒண்ணு இருக்கும்லா? அங்கன எங்க கடை இருக்குன்னா அதுக்கு நான் என்ன செய்ய முடியும், அல்லாஹ் வச்ச இடம்."

மருந்துக்கடைக்காரர், நோயாளிகள் எங்கே கடப்பார்கள் என்று துறை யோசிக்க வேண்டும் என்றார். அவர் கடைக்கு எதிரேதான் நோயாளிகள் கடப்பார்களாம். நான் ஆற்றுத் தெரு முக்கைச் சொன்னேன். ஊர் முழுக்கக் குளிக்கப் போவதும், மாடு போவதும், பஸ் நிற்பதும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் சப்பரம் ஆற்றுக்குப் போய்த் திரும்புவதும் அந்த வழியில்தான்.

"உம்ம அக்கா கடையும் அங்கனதான் இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருக்கு. அதுக்காகவுந்தான் கேக்கேன்."

மறைத்துப் பேசியிருந்தால் மதித்திருப்பார்கள் போலிருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு அருவருப்பு, சபையில் வேட்டி அவிழ்ந்தவனைப் பார்ப்பதுபோல.

பிறகு நடந்ததைச் சத்தம் என்று சொல்லலாம். வடை ஆறியது. காலம் காலமாக ஒருவர் கடைக்கு ஒருவர் சில்லறை மாற்றிக்கொடுத்த மனிதர்கள், அடுத்தவன் கடைக்கு எதிரே திறப்பு வந்தால் தன் குடும்பமே மண்ணாகிவிடும் என்பதுபோல விரல் நீட்டிக்கொண்டார்கள். பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரமே இல்லை அவருக்கு. தூண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவன் முகம்.

மருந்துக்கடைக்காரர்தான் கடைசியில் சொன்னார். "அப்ப எங்கயும் வேண்டாம்வே. யாருக்கும் இல்லன்னா யாருக்கும் வயித்தெரிச்சல் கிடையாதுல்லா."

 அப்புறம் மண்டபத்தில் ஒரு நிம்மதி பரவியதே, அதை எப்படி எழுதுவது. மலச்சிக்கல் தீர்ந்தவனின் முகம் வரிசை வரிசையாக. பாய் தலையாட்டினார். தலைவர், "எனக்கு இல்லன்னாலும் பரவால்ல, ஊரு ஒத்துமைதான் முக்கியம்," என்றார். பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்து மறுத்தேன். வாங்குகிறவன் நிற்க முடியாத தெருவில் விற்கிறவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டேன். என் குரலில் கோபம் கூடுதலாக இருந்தது.

"நீரு கவிதை எழுதுத ஆளு," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில், பிள்ளைக்குச் சொல்வதுபோல. "இது ஏவாரம். பைய உக்காரும். அல்வா சாப்பிடும்."

'ஒருவர் நீங்கலாக ஒருமனதாக' என்று பதிவாயிற்று. படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா படத்துக்கு நிற்கவில்லை. வெளியே வந்தபோது என்னிடம், "என்னலே, அவனுக கண்ணை அவனுகளே குத்திக்கிட்டு, நமக்கும் சேத்துக் குத்திட்டானுவளே," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

சுவர் எழும்பியது. இடுப்பளவு சிமெண்ட் கற்கள், நடுவில் மண், மண்ணில் அரளி. சாமிக்கும் சாவுக்கும் பூக்கிற செடியை எங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நட்டுவிட்டார்கள். கார்கள் வந்தன. முன்பைவிட அதிகம் வந்தன, அதுதான் வேடிக்கை. பெருகிப் பெருகி வந்து, நிற்காமல், கண்ணாடி ஏற்றியபடி, ஊர் ஒன்று இங்கே இருப்பதை ஒரு நாற்றமாகக்கூட உணராமல் போயின. திரும்ப வேண்டுமானால் ஊருக்கு வெளியே அரிசி ஆலை வளைவு வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். அப்பளத்துக்காக யார் சுற்றுவார்கள்?

அரளிக்குள் முதலில் பிராந்தி பாட்டில்கள் முளைத்தன. பிறகு ஆண்கள் முளைத்தார்கள், சுவரைப் பார்த்து நின்றபடி. கடக்கத் தெரியாத நாயொன்று ஆற்றுத் தெரு முக்கில் அடிபட்டு, அள்ள ஆளில்லாமல், டயர் ஏறி ஏறி ஒரு சாக்குத் துண்டாகத் தார் மேல் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் வடிகால் என்று ஒரு ஆழமான குழியைத் தோண்டி, மூடி போடாமல் போய்விட்டார்கள். வாறுகால் சாக்கடைத் தண்ணீர் அதில் கறுப்பாகத் தேங்கிக் கொப்புளம் விட்டது. அக்காவின் கடைக்குள் நுழைய அந்தக் குழியைத் தாண்ட வேண்டும். அதன் மூச்சு உளுந்து மாவின் மேல் படியுமோ என்று அவள் பின்கட்டுக் கதவைப் பகலெல்லாம் சாத்தி வைத்தாள்.

ஆற்றுப் பக்கம் நிற்கும் கார்களிலிருந்து சில பெண்கள் கை தட்டிக் கூப்பிடுவார்கள். "அக்கா, அப்பளம் இருக்கா?" அக்கா பொட்டலங்களை மாரோடு அணைத்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு ஏற்றி, அந்தச் சுவரில் ஏறி, அரளிக்குள் மூத்திரத்தை மிதித்து, மறுபக்கம் இறங்குவாள். லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான். அந்த வயதில். நான் ஒருநாள் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

"வேண்டாம்னா? நாலு பொம்பளைய வேலைய விட்டு அனுப்பவா? நீ வந்து அவளுவ கிட்ட சொல்லுதியா?"

தலைவர் ஒருநாள் கடைக்கு வந்தார். மண்டப வாசலில் பலகாரக் கடை ஒன்று போடப்போவதாகச் சொன்னார். திரும்புகிற கார்கள் அவர் பக்கமாகத்தான் போகின்றன. நிற்கச் சுவர் தடையில்லை. "உன் சரக்க அங்கன வச்சு வித்துத் தாரேன் தாயி. மண்டபத்துப் பேரு போட்ட கவர்ல."

"என் கையால தேச்ச அப்பளத்துக்கு உங்க பேரு எதுக்கு அண்ணாச்சி," என்றாள் அக்கா. "பேரு வேணும்னா மாவு பிசைய வாங்க. காலையில நாலு பேரும் வந்துருவாளுவ, அஞ்சாவதா உக்காருங்க."

பின்கட்டில் பெண்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுளிக்காமல் போனார். கடைத்தெருவில் மற்றவர்களுக்கும் அதற்குள் வயிறு காயத் தொடங்கியிருந்தது. பாய் கடையில் துணி விரித்து மடிப்பதற்கு ஆள் இருந்தது, விரிக்கச் சொல்வதற்கு ஆள் இல்லை. "துபாய்ல மவன் இருக்கான், நான் தாங்கிருவேன்," என்றார் என்னிடம். "மத்தவன் என்னவே செய்வான்? நாம அன்னைக்கு நல்லா யோசிக்கல."

'நாம' என்றார். 

மறுபடி கூட்டம். மறுபடி அதே பேனர், அதே பனிமலை. இப்போது எல்லோரும் மன்றாடினார்கள். பொறியாளர் கோப்பைப் புரட்டி, வருத்தத்தோடு, முதல் கூட்டத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "உங்க வேண்டுகோள்படிதான் மூடினோம். இப்ப திறக்கணும்னா ஒரே ஒரு வழிதான் இருக்கு. சாமி ஊர்வலம் வழக்கமா ரோட்டைக் கடக்கற இடம்னா, அங்க திறப்பு குடுக்கலாம். கொடை எப்போ?"

"ஆடியில," என்றது சபை ஒரே குரலில்.

"அப்ப வந்து பாக்கறேன். அம்மன் எங்க கடக்கறாங்களோ, அங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கள் அம்மன் வருஷா வருஷம் எங்கே கடப்பாள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சப்பரம் கோயிலிலிருந்து வந்து, அக்கா கடை முன்னால் ஒரு மூச்சு நிற்கும். தூக்குகிறவர்களுக்கு அக்கா பானகம் கொடுப்பாள். அப்புறம் சாலையைக் கடந்து, ஆற்றுத் தெரு வழியாகப் படித்துறைக்கு இறங்கும். ஊரில் இத்தனை பேரின் வஞ்சத்தில் தப்பிப் பிழைத்த ஒரே நியாயம் அம்மனின் பாதைதான் என்று நான் நம்பினேன்.

அந்தக் கூட்டம் முடிந்து இலை எடுப்பதற்குள் தலைவர் சொன்னார். "அது அம்மன் குளிக்கப் போற வழில்லா. ஊர்வலம்னா கடைத்தெரு ஊர்வலம்."

எங்கள் பக்கம் மண்டகப்படி என்று ஒரு வழக்கம் உண்டு. சாமியை ஒரு வீட்டார், ஒரு கடைக்காரர் தங்கள் பொறுப்பில் வழியில் நிறுத்தி, பூசை செய்து, படையல் வைத்து அனுப்புவது. ஆடி பிறந்ததும் எங்கள் கடைத்தெருவில் மண்டகப்படிகள் காளான்போல முளைத்தன. அதில் ஒரு நுணுக்கம். மருந்துக்கடைக்காரர் தன் கடைக்கு முன்னால் பந்தல் போடவில்லை. நேர் எதிர்ப்பக்கம் போட்டார். தன் கடையிலிருந்து எதிர்ப்பந்தலுக்கு அம்மன் போக வேண்டுமானால் அங்கே கடந்துதானே ஆக வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். பாய்கூட, பந்தல் போடவில்லையே தவிர, அவருடைய கடைக்கு எதிரே இருக்கிற கோழிக்கடைக்காரரின் பந்தலுக்குக் கரும்பும் வாழையும் எடுத்துக்கொடுத்தார். "சபூர் பண்ணி, பொறுத்துப் பாத்தேன், முடியல," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். கேட்டால் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: எங்க பாட்டன் காலத்துலேந்து நடக்குது.

பூசாரியிடம் போனேன். தலைவர் அம்மனுக்கு வெள்ளிக் கவசம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும். "சாமி, வழக்கம் எது, நீங்களே சொல்லுங்க," என்றேன். அவர் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அம்மனுக்கு எங்கயும் வழிதான்," என்றார்.

இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று போலீஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் சப்பரம் வெயிலிலேயே கிளம்பியது. அன்றைக்கு மட்டும் தடுப்புக் கற்களைப் பல இடங்களில் நகர்த்தி வைத்திருந்தார்கள். அம்மன் வயல் பக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் போனாள். மறுபடி வயல் பக்கம் வந்தாள். மறுபடி போனாள். இடுப்பு ஒடிய ஒடிய இளைஞர்கள் தூக்கிக்கொண்டு திரும்பித் திரும்பிப் போனார்கள். அரளியின் மேல் மேளக்காரர்களின் கால், காலின் கீழே பிராந்தி பாட்டில் நொறுங்குகிற சத்தம். தெருவிலேயே பெரிய குடிகாரன்கூட அந்தச் சாலையை அவ்வளவு முறை கடந்திருக்க மாட்டான். அவள் கண்ணாடிக் கண்கள் எதையும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். 

ஜீப்பின் மேலே சாய்ந்து பொறியாளர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கு எதிரே வந்தபோது செண்டை, பூமழை, தலைக்கு மேல் ரீங்கரிக்கிற கேமரா. அம்மன் அங்கே கடந்ததுதான் படத்தில் நன்றாக விழுந்தது. அங்கே நெடுநேரம் நின்றாள்.

கடைசியாகத்தான் அக்காவின் கடை. வாசலில் பித்தளை அண்டா நிறையப் பானகம். உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, ஏலம். நான்கு பெண்களும் தலை குளித்துப் பூ வைத்து நின்றார்கள். தூக்குகிறவர்களில் ஒருவன் அண்டாவைக் கண்டதும் தோளைத் தாழ்த்தினான். அவன் உதடு வெடித்திருந்தது.

"நிக்காத, நிக்காத," என்று சங்கத்து ஆட்கள் பின்னாலிருந்து நெட்டினார்கள். "இருட்டிருச்சு, போலீஸ் கத்துதான். ஓட்டமா விடு."

சப்பரம் எங்கள் முன்னால் ஓடியது. அம்மன் குலுங்கியபடி, மாலை ஒருபக்கம் சரிய, அக்காவைத் தாண்டி ஆற்றுத் தெருவுக்குள் போய்விட்டாள். அங்கே கடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. ஜீப் ஏற்கெனவே போயிருந்தது.

அக்கா கையில் சொம்போடு அப்படியே நின்றாள். பிறகு பின்னால் தளர்ந்து வந்த மேளக்காரர்களைக் கூப்பிட்டு, "குடிங்கய்யா," என்றாள். அண்டா காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

திறப்பு மண்டபத்துக்கு நேராக வந்தது. 'பாரம்பரிய ஊர்வலப் பாதை' என்று பச்சை நிறத்தில் அறிவிப்புப் பலகை. திறப்பு விழாவில் பொறியாளர், ஊர்க்காரர்களின் பங்களிப்பு மற்ற ஊர்களுக்கு எடுத்துக்காட்டு என்று பேசினாராம். மருந்துக்கடைக்காரர் கை தட்டினாராம். நான் போகவில்லை. அந்த வருஷம் முழுக்க எனக்கு ஊர்க்காரர்கள் எவரிடமும் சோறு வாங்கிச் சாப்பிடத் தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. கெட்டவர்களாக இருக்கக்கூடத் துணிவில்லாமல் பொறாமையை ஒற்றுமை என்றும், ஒற்றுமையை பக்தி என்றும் மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு நின்றார்கள் என்பதால்.

ஐப்பசி அடைமழையில் அக்கா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனபோது பலகாரக் கடை ஆள் வந்து பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தான். மண்டபத்தின் பெயர் அச்சடித்த கவர்கள், அக்காவின் அப்பளம் உள்ளே.

"குடுத்துட்டியா," என்றேன்.

"குடுத்துட்டேன். அவளுவ பிள்ளைகளுக்குத் தீவாளி வருதுல்லா." முகத்தைத் துடைத்தாள். மாவு இன்னும் பரவியது. "அந்த அண்ணாச்சி வந்து உக்காருவாருன்னு பாத்தேன். மாவு பிசைய வரவே இல்ல மனுசன்."

பின்கட்டிலிருந்து யாரும் சிரிக்கவில்லை.

"ஏறி அந்தப் பலகைய இறக்குலே."

இறக்கினேன். ஆணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மஞ்சள் எழுத்தில் அடைமழை வழிந்தது. அடுப்புக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டி, வாசலில் கிடந்த வடிகாலைக் காட்டினாள். துறை மூடி போடாத அந்தக் குழி மழையில் நிரம்பி, கறுப்பாக, நாயின் மயிர் மிதக்க, வாசற்படிவரை வந்திருந்தது.

"அது மேல போடு. விடிய அவளுவ வேலைக்கு வரணும், அதுல இறங்கியா வருவாளுவ."

பலகையைக் குறுக்கே போட்டேன். சரியாக எட்டியது.

"எழுத்து கீழ இருக்கட்டும்," என்றாள் அக்கா. "மிதிக்காண்டாம்."

திருப்பிப் போட்டேன். எழுத்து சாக்கடையைப் பார்த்துக் கிடந்தது. அக்கா முதலில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று, மழையில் ஒரு கார்கூட நிற்காமல் விரைகிற சாலையைப் பார்த்தபடி, "தாங்குது," என்றாள்.